மலிவின் மானம்

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்கு ஒரு பெரிய மனிதர் வந்து சேர்ந்தார். பெரிய மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவரைச் சுற்றி நின்று உபசாரம் செய்தவர்கள் சொன்னார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே அவருடைய பார்வை என் இடது மணிக்கட்டில் வந்து நின்றது.

“என்ன ஸார், இத்தனை நாவல் எழுதியிருக்கிறீர்கள். கையில் பள்ளிக்கூடத்துப் பையன் கட்டுகிற கடியாரமா?” என்று கேட்டார்.

என் கையில் இருந்தது காஸியோ கம்பெனியின் எஃப்-91டபிள்யூ. கறுப்புப் பிளாஸ்டிக். 1989-ல் வந்த மாடல். இன்னும் அதே முகத்தோடு விற்கிறது. விலை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எடை 21 கிராம்; அன்று என் இலையில் விழுந்த மைசூர்பாகு அதைவிடக் கனம்.

அவர் தம் கையைத் திருப்பிக் காட்டினார். ஸ்விட்ஸர்லாந்துச் சரக்கு. கேட்காமலே விலையையும் சொன்னார். அந்த விலைக்கு எங்கள் ஊரில் கிணற்றோடு நிலம் வாங்கலாம். “ரொம்ப சந்தோஷம். மணி என்ன ஆகிறது?” என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பகல் பதினொன்றரைக்கு அவர் கையில் மணி நாலேகால். கையசைவில் ஓடுகிற ஜாதிக் கடியாரம் அது. இரண்டு மூன்று நாள் பெட்டியில் கிடந்தால் நின்றுவிடும். காலையில் எடுத்துக் கட்டியவர் முள்ளைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். அது நின்ற இடத்திலிருந்து தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் அங்கே சிரிக்கவில்லை; பந்தியில் சிரித்தால் புரையேறும். இப்போது சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு அவரோடும் அவரைப் போன்றவர்களோடும் சண்டைக்கு வருகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று கைக்கடியாரம், மற்றொன்று எலெக்ட்ரிக் கிதார். இரண்டிலும் மலிவான சரக்குதான் என் சரக்கு. என் மேஜை இழுப்பறையில் பதினொரு கடியாரங்கள் இருக்கின்றன. அறை மூலையில் இரண்டு கிதார்கள் சாய்ந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் பந்திப் பெரியவரின் கடியாரத்து வார் கூட வாங்க முடியாது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். கதை எழுதிப் பிழைப்பவன். ‘வாங்க வசதியில்லாதவன் மலிவைப் புகழ்கிறான், எட்டாத பழம் புளிக்கிறது’ என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும். புளிப்பா, தித்திப்பா என்பதை அவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

‘மலிவு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது வசவு. ‘மலிவான ரசனை’, ‘மலிவான எழுத்து’ என்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லின் வேர் என்ன? ‘மலி’ என்றால் நிறைந்திரு, பெருகு என்று பொருள். ‘புகழ் மலிந்த’ என்று பெரியோரைப் பாடினார்கள். விளைச்சல் பெருகி, ஊர் முழுவதற்கும் கிடைக்கிற நிலைதான் மலிவு. நெல் மலிந்தது என்றால் நெல் மட்டமாகிவிட்டது என்றா அர்த்தம்? எல்லார் வீட்டிலும் உலை கொதித்தது என்று அர்த்தம். நிறைவைக் குறித்த ஒரு சொல்லை இழிவைக் குறிக்கும்படி திருப்பி வைத்தவர்கள் யார்? மற்றவனுக்குக் கிடைக்காதது தன்னிடம் இருப்பதே சந்தோஷம் என்று நினைத்தவர்கள்தாம். அவர்களுக்கு நிறைவு கசக்கும். பற்றாக்குறைதான் இனிக்கும்.

கடியாரத்தின் கதையே இதற்குச் சாட்சி. 

ஜெர்மனியில் பிறந்து ஸ்விட்ஸர்லாந்தில் குடியேறிய ராஸ்காஃப் என்ற தொழில்காரர் ஒருவர், கூலியாள் வாங்கக்கூடிய கடியாரம் ஒன்றைச் செய்ய வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். விலை 20 பிராங்குக்கு மேல் போகக் கூடாது. ஆனால் ஒழுங்காக ஓட வேண்டும். அலங்காரத்தை எல்லாம் உரித்தெறிந்தார். பாகங்களைக் குறைத்துக் குறைத்து 57-க்குக் கொண்டுவந்தார். 1867-ல் அந்தக் கடியாரம் வெளிவந்தது. ‘பாட்டாளியின் கடியாரம்’ என்று அதற்குப் பெயர். எதிர்ப்பு முதலில் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? அவருடைய தொழிலைச் சேர்ந்தவர்களிடமிருந்தே வந்தது. தொழிலின் மானம் போகிறதாம்! 1896-ல் அமெரிக்காவில் இங்கர்ஸால் சகோதரர்கள் ஒரு டாலருக்குப் பைக்கடியாரம் விற்றார்கள். கடியாரம் என்பது முதலாளியின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலத்தில், எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்று தொழிலாளிக்குத் தெரிய வழியில்லை. மணி பார்க்கத் தெரிவது வேறு. பார்க்க ஒரு மணி கையில் இருப்பது வேறு. இந்த இரண்டாவதைக் கொடுத்தது விலை உயர்ந்த கடியாரம் அல்லவே அல்ல.

நம் தேசத்துக்கு வருவோம். வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா என்று வெளிநாட்டுக் கடியாரங்களை வசதியுள்ளவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கோயில் மணியையும் ஆலைச் சங்கையும் நம்பினார்கள். 1961-ல் ஜப்பானின் சிடிஸன் கம்பெனியின் கூட்டுறவோடு, பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் கடியாரத் தொழிற்சாலை தொடங்கியது. அவர்கள் செய்த கடியாரங்களில் ஒன்றுக்கு ‘ஜனதா’ என்றே பெயர். மக்கள்! எத்தனை அழகான பெயர்! அதற்குப் பிறகு டாட்டாவும் நம் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் 1984-ல் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை போட்டது. அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்களில் தமிழ்நாடு ஒளிந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

என் தகப்பனாரிடம் ஒரு ஜனதா இருந்தது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து, சொல்லி வைத்து, காத்திருந்து வாங்கினாராம். காலையில் காபி குடித்ததும் சாவி கொடுப்பார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தச் சின்னக் குமிழைப் பிடித்து, எண்ணி எண்ணித் திருகுவார். ஏழேகால் மணி ரேடியோச் செய்திக்கு முள்ளைச் சரி பார்ப்பார். பிறகுதான் அந்த வீட்டில் நாள் தொடங்கும். அவர் காலமான பின் அந்தக் கடியாரம் என்னிடம் வந்தது. ஒருநாளைக்கு ஒரு நிமிஷம் பிந்துகிறது. அதைத் தவிர அதனிடம் ஒரு குறையும் இல்லை.

2016-ல் மத்திய சர்க்கார் அந்தக் கடியாரக் கம்பெனியை மூடிவிடத் தீர்மானித்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நேற்றுவரை ‘கவர்ன்மெண்ட் கடியாரம்’ என்று முகம் சுளித்தவர்கள், இனிக் கிடைக்காது என்று தெரிந்ததும் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். விலை ஏறியது. பழைய டயலுக்குப் புதுச் சாயம் பூசி, இல்லாத மாடல்களை எல்லாம் கற்பித்து விற்கிற ஒரு தொழிலே முளைத்தது. கடியாரம் மாறவில்லை, அதே பல்சக்கரம், அதே 17 கற்கள். எல்லாருக்கும் கிடைத்தபோது இழிவாக இருந்தது, சிலருக்கு மட்டும் கிடைக்கிறபோது அருமையாகிவிட்டது. பொருளை ரசிக்கிறவர்கள் இவர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

‘துல்லியம் வேண்டாமா, தரம் வேண்டாமா?’ என்று கேட்கிறார்கள். வேண்டும். அதைத்தான் நானும் கேட்கிறேன். ஸ்விட்ஸர்லாந்தில் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற இயந்திரக் கடியாரங்கள் நாள் ஒன்றுக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம் என்பது விதி. என் பிளாஸ்டிக் கடியாரம் மாதத்துக்கே 30 விநாடிதான் தவறும் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். கணக்கு உங்களுக்கே தெரியும்.

இந்தத் துல்லியம் மலிவாகவா பிறந்தது? இல்லை. 1969 டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் ஸீக்கோ கம்பெனி ‘ஆஸ்ட்ரான்’ என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடியாரத்தை விற்பனைக்கு வைத்தபோது அதன் விலை 4,50,000 யென். ஒரு மோட்டார் வண்டியின் விலை. உள்ளே இருப்பது மின்சாரத்தில் அதிரும் ஒரு படிகத் துண்டு. இன்றைய கடியாரங்களில் அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. எத்தனை எளிமை! கோடீசுவரர்களுக்காகச் செய்த அந்த விந்தை இருபதே வருஷத்தில் பள்ளிக்கூடத்துப் பையனின் கைக்கு வந்து சேர்ந்தது. மனித புத்தி செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன். பந்திப் பெரியவர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. படிகக் கடியாரம் வந்த பிறகு ஸ்விஸ் தொழில் ஆட்டம் கண்டது. 1970-ல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழிலில் 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு எதற்கு? 1983-ல் வந்த ‘ஸ்வாட்ச்’ என்ற பிளாஸ்டிக் கடியாரத்துக்கு. அதில் 51 பாகங்கள்தாம். அது விற்ற விற்பனையில்தான், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒமேகா, லாஞ்சீன்ஸ் போன்ற பெயர் பெற்ற கடியாரங்களும் மூச்சுப் பிடித்துக்கொண்டன. அண்ணன்மார் கௌரவமாக வாழ்வதற்குப் பிளாஸ்டிக் தம்பி உழைத்தான். கல்யாணத்தில் அண்ணனுக்கு மாலை. தம்பியைக் கண்டால் ஏளனம்!

கடியாரத்தோடு இந்தத் திமிர் நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். கடியாரத்தில் புண்படுவது வெறும் கௌரவம். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். வாத்தியத்தில் இதே திமிர் ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குள் கை வைக்கிறது.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பழைய கிதார் கிடைத்தது. கல்கத்தாவில் செய்தது, மூன்றாவது கை மாறி என்னிடம் வந்தது. ஒரு மாதம் உயிரை விட்டுப் பழகினேன். விரல் நுனியெல்லாம் கன்றிப் போயிற்று. சொல்லிக் கொடுத்தவர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, உனக்கு விரல் வாகு இல்லை. நல்ல கிதார் வாங்க முடிகிற காலத்தில் வா, இல்லாவிட்டால் விட்டுவிடு” என்றார். விட்டுவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் என் விரல்களை நானே நொந்துகொண்டிருந்தேன். பிறகு நாற்பது வயதில், கிதாரின் அங்க லட்சணங்களைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் உண்மை புலப்பட்டது. கோளாறு என் விரலில் இல்லை. தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்குகிற வெள்ளைப் பில்லையில் வெட்டியிருந்த பள்ளங்கள் ஆழம் போதவில்லை. அதனால் தந்திகள் பலகையிலிருந்து எக்கச்சக்க உயரத்தில் நின்றன. அரை மணி நேரம் ஒரு சின்ன அரத்தை வைத்துக்கொண்டு தேய்த்திருந்தால் சரியாகியிருக்கும். அரை மணி நேர வேலையை இருபது வருஷ வைராக்கியமாக மாற்றியது ஒரே ஒரு வாக்கியம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே வாக்கியத்தை நான் மறுபடியும் கேட்டேன். என் அக்காள் மகளுக்குப் பதினைந்து வயது. எலெக்ட்ரிக் கிதார் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு ஓர் இசைப் பள்ளிக்குப் போனாள். அங்கே இருந்தவர் உறையைத் திறந்து பார்த்துவிட்டு, “இது விளையாட்டுச் சாமான், பாப்பா. இதில் பழகினால் காது கெட்டுப் போகும். அப்பாவிடம் சொல்லி நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் அப்பா இல்லாத பெண். அதை அவரிடம் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. கிதார் கட்டிலுக்கு அடியில் போயிற்று. ‘பரீட்சை இருக்கிறது மாமா, அப்புறம் பழகுகிறேன்’ என்று பதினொரு மாதம் என்னை ஏய்த்தாள். கடைசியில் ஒருநாள் அக்காள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

அந்த மனிதர் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. அவர் சொன்னதை நம்புகிறவர்கள் ஆயிரம் பேர். ஆகையால் அந்த நம்பிக்கையோடு வழக்காடுகிறேன்.

எலெக்ட்ரிக் கிதாரில் ஒலி எப்படிப் பிறக்கிறது? இரும்புத் தந்தி ஒரு காந்தத்தின் மேலே அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றி ரோமம் போன்ற செப்புக் கம்பி ஏழெட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருக்கிறது. தந்தி அசைய அசையக் கம்பியில் மின்சாரம் எழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்ட தத்துவம் அவ்வளவுதான். பிறகு அந்த மின்சாரம் பெருக்கிக்குப் போய் ஒலியாகிறது. வீணைக்குக் குடம் உயிர். வயலினுக்கு மேல்பலகை உயிர். இதற்கோ காந்தமும் கம்பியும் ஒழுங்காக மெட்டுப் பதித்த கழுத்தும்தான் உயிர். காந்தமும் செப்புக் கம்பியும் அரிய பொருள்களா? மெட்டுகளைக் கணக்குப் பிசகாமல் பதிக்க இன்று கம்ப்யூட்டர் ஆட்டுகிற இயந்திரம் இருக்கிறது. சீனாவிலும் இந்தோனேஷியாவிலும் அந்த இயந்திரம் வெட்டுகிற கழுத்து, மயிரிழை பிசகுவதில்லை. எங்கள் காலத்து மலிவுக் கிதாருக்கும் இன்றைய மலிவுக் கிதாருக்கும் உள்ள தூரம், கட்டை வண்டிக்கும் ரயிலுக்கும் உள்ள தூரம்.

குறைகள் இல்லையா? உண்டு. அக்காள் மகளின் கிதாரில் மெட்டுகளின் ஓரம் கையைக் கீறியது. தலைப்பில்லையில் பழைய கதைதான். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை அரைச் சுற்றுத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவளும் தரையில் உட்கார்ந்து, அரமும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரி செய்தோம். புதுத் தந்தியோடு சேர்த்துச் செலவு எழுநூறு ரூபாய். தஞ்சாவூர் வீணையை லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினாலும், மெழுகு தளர்ந்தால் ஆளைக் கூப்பிட்டு மேளம் கட்டத்தான் வேண்டும். அதற்காக அந்த வீணையை விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொல்கிறார்களா?

சரித்திரம் என்ன சொல்கிறது? கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. 1950-ல் ஒரு மரப்பலகையை அறுத்து, அதில் கழுத்தை நான்கு திருகாணிகளால் முடுக்கி, ஒரு கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பரம்பரைக் கிதார்க் கம்பெனிக்காரர்கள் ‘படகுத் துடுப்பு’ என்று பரிகாசம் செய்தார்கள். கழுத்து கெட்டால் கழற்றி வேறு கழுத்தை மாட்டலாம். தொழிற்சாலையில் சுலபமாகச் செய்யலாம் என்பதுதான் அந்தப் பலகையின் பெருமை. இன்று அந்தக் காலத்துப் பலகை ஒன்று ஏலத்துக்கு வந்தால் லட்சக் கணக்கில் கேட்கிறார்கள். அன்று பரிகாசம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் ஏலம் கேட்கிறவர்களோ என்னவோ!

டேன்எலெக்ட்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனி, மேஜை அலமாரிக்குப் பின்புறம் அடிக்கிற அட்டை போன்ற மேஸனைட் பலகையில் கிதார் செய்தது. உதட்டுச் சாயம் அடைக்கிற உலோகக் குழல்களையே காந்தத்துக்கு உறையாக மாட்டியது. தபாலில் சாமான் அனுப்புகிற ஸியர்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலில் அவை விற்றன. ஜிம்மி பேஜ் என்ற மகா வித்வான் மேடையில் அந்தக் கிதாரை வாசித்திருக்கிறார். இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பள்ளிக்கூடத்துப் பையன் 1963-ல் தன் தகப்பனாரோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மேல்பலகை மரத்தைச் செதுக்கிக் கிதார் செய்ய ஆரம்பித்தான். ஆயுள் பூராவும் அதையே உலக மேடைகளில் வாசித்தான். ‘நல்லது வாங்க முடிகிற காலத்தில் வா’ என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான்.

நம் ஊரிலேயே பாருங்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறு பையனாக வந்து மேடையில் உட்கார்ந்தபோது, அந்த வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா என்று புருவத்தை உயர்த்தியவர்கள் இருந்தார்கள். மாண்டலினின் நாதம் சட்டென்று அற்றுப் போகும். கமகம் பேசாது என்றார்கள். அவர் ஐந்து தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு, அற்றுப் போகிற நாதத்தை மின்சாரத்தால் நீள வைத்தார். கமகம் பேசியது. வாத்தியத்தின் குலம் கோத்திரம் பார்த்து ராகம் வருவதில்லை.

காது என்று ஒன்று இருக்கிறதே, அது விலையைக் கேட்குமா என்று கூடப் பரீட்சை செய்து பார்த்துவிட்டார்கள். 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் வித்வான்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மங்கலான அறையில் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒன்று குவார்னேரி. வித்வான்கள் அதிகம் விரும்பியது ஒரு புது வயலினை. ஆகக் குறைவாக விரும்பியது ஒரு ஸ்ட்ராடிவேரியஸை! பழையது எது, புதியது எது என்று கூட அவர்களால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. வயலினே அப்படியென்றால், பலகைக் கிதாரில் ‘காது கெட்டுப் போகும்’ என்று ஒருவர் பார்வையாலேயே தீர்ப்புச் சொல்வது என்ன வித்தை?

இனி என் கட்சிக்காரர்களைப் பார்த்தும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் யோக்கியன் அல்ல.

மலிவு வேறு, மட்டம் வேறு. மலிவு தன் பெயரைத் தன் முகத்தில் எழுதிக்கொண்டு நிற்கும். போலி அடுத்தவன் பெயரை எழுதிக்கொண்டு நிற்கும். பெரிய கம்பெனியின் பெயர் பொறித்த போலிக் கடியாரத்தை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிக் கட்டுகிறவன் மலிவின் சிநேகிதன் அல்ல. பந்திப் பெரியவரின் வியாதிதான் அவனுக்கும். பணம் மட்டும் இல்லை.

‘இந்த மலிவுக்குப் பின்னால் யாருடைய வயிறு காய்கிறது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இயந்திரத்தால் வந்த மலிவு உண்டு. கூலியைப் பிடித்ததால் வந்த மலிவும் உண்டு. இரண்டாவதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதே கேள்வியை விலை உயர்ந்த சாமானைப் பார்த்தும் கேட்க வேண்டும். விலை அதிகம் என்பதாலேயே தொழிலாளிக்குக் கூலி அதிகம் போயிற்று என்று எந்த ரசீதிலும் எழுதியிருப்பதில்லை.

இன்னொரு குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் தகப்பனாரின் ஜனதாவை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தவர் அவர். இன்று அதே பெட்டியில் அவருடைய மகன் செல்போன் உறை விற்கிறான். பிளாஸ்டிக் கடியாரத்தைப் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? பேட்டரி தீர்ந்தால் மாற்றுவது. உள்ளே கெட்டால் எறிவது. இந்த மலிவு ஒரு கைத்தொழிலைத் தின்றுவிட்டது வாஸ்தவம். அதைத் தெரிந்துகொண்டே கட்டுகிறேன். அதனால்தான் வாரத்தில் இரண்டு நாள் ஜனதாவுக்குச் சாவி கொடுக்கிறேன். அதைப் பிரிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பக்கத்து ஜில்லா வரை போகிறேன்.

கடைசிக் குற்றவாளி நானேதான். “ஏங்க, பதினொரு கடியாரம் வைத்திருக்கிறீர்களே, ஒருநாளாவது சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறீர்களா?” என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிக் குவிப்பதும் ஆசைதான். சில்லறையாகச் செலவழிக்கிற ஆசை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நான் இழுப்பறையில் போட்டேன், அளக்கவில்லை. என்னைப் போன்ற கிதார்ப் பித்தர்களிலும், வாங்குகிறார்கள், பெட்டி பிரிக்கிறார்கள், விற்கிறார்கள், அடுத்ததை வாங்குகிறார்கள். ஒரு பாட்டை முழுதாக வாசிப்பதற்குள் கிதார் மாறிவிடுகிறது. மலிவின் பெருமை அது பலருக்குக் கிடைப்பதில் இருக்கிறது. ஒருவனிடமே பத்து சேர்ந்தால் அதற்கும் பந்திப் பெரியவரின் கடியாரத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பெட்டியில் நின்றுபோய்க் கிடக்கும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன்: இனி ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், கட்டுகிற கைக்குப் போக வேண்டும். போன மாதம் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடுகிற பையனுக்குப் போயிற்று. அவன் என்னைவிட நேரம் தவறாதவன்.

அக்காள் மகள் இப்போது வாசிக்கிறாள். பிரமாதமாக வாசிக்கிறாள் என்று சொன்னால் அது மாமனின் பொய். இரண்டு பாட்டு வரும். மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் எப்போதும் தடுக்குவாள். தடுக்கிய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கிறாள். ஆனால் அந்தப் பதினொரு மாதம் போனது போனதுதான். பதினைந்து வயதில் பதினொரு மாதம் என்பது என் வயதில் பத்து வருஷம். அதை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆகையால் வாத்தியம் கற்பிக்கிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரனின் மணிக்கட்டைப் பார்க்கிறவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுதான். ஒரு பிள்ளை மலிவான வாத்தியம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றால், அதன் விலையைக் கேட்காதீர்கள். தந்தி உயரமாக இருந்தால் ஓர் அரத்தை எடுங்கள். அரம் பிடிக்கத் தெரியாவிட்டால், “வாசி, கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காருங்கள்.